பட்டியலுக்குள் வராத ஏரிகள்

சேலம் பட்டணத்துக்குக் குடிநீர் தருவதற்காக 1911-இல் பனமரத்துப்பட்டி ஏரி கட்டப்பட்டது. ஜருகுமலையிலும் போதமலையிலும் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கிச் சேரும் இடம் பார்த்துக் கரை போட்டார்கள். பரப்பு 2,137 ஏக்கர். சேலத்திலிருந்து நாமக்கல் போகிறவர்கள் மல்லூரில் கிழக்கே திரும்பினால் அங்கே போகலாம். ஏரியைச் சுற்றி இருப்பவை கிராமங்கள், ஏரி மட்டும் நகரத்தின் சொத்து. அன்று நகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது, இன்று மாநகராட்சிக்குச் சொந்தம்.

பட்டணம் அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த வரையில் ஏரிக்குக் காவல் தேவைப்படவில்லை. தண்ணீர் வரும் வாய்க்காலை ஒருவர் மறித்தால் சேலத்தில் பல தெருக்களுக்கு அது தெரிந்துவிடும். பிறகு மேட்டூரிலிருந்து காவிரி குழாயில் வந்தது. 1934-இல் அணை முடிந்ததுமே இந்த ஏரியின் கதை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் குழாய்த் தண்ணீர் பெருகப் பெருக ஊர் ஏரியை மறந்தது. தரை வறண்டது, சீமைக்கருவேலம் ஏறியது. இப்போது கரைமேல் நின்று பார்த்தால், நல்ல மழை பெய்த வருசம் தவிர, கண்ணுக்கெட்டியவரை முள்காடுதான். வெட்டுவதற்கும் தூர்வாருவதற்கும் திட்ட மதிப்பீடுகள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த ஏரியை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈரநிலங்களைக் காக்க இந்திய அரசு 2010-இல் ஒரு விதித்தொகுப்பு போட்டது, 2017-இல் அதை மாற்றி எழுதியது. முதல் விதியில் இந்த ஏரிக்கு இடம் இருந்தது. இரண்டாவது விதி அதை வெளியே தள்ளிவிட்டது. இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஏரியின் நீளம், அகலம், வரத்து வாய்க்கால் எதுவும் மாறவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அரசு நீர்நிலைகளை எப்படிக் காத்தது, இன்று எப்படிக் காக்கிறது என்று பார்க்கப் போனால் இங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்தச் சமவெளியில் இயற்கையாக உண்டான சதுப்போ பெரிய ஏரியோ சொல்லும்படி எதுவும் கிடையாது. மேற்கு ஓரத்தில் காவிரி ஓடுகிறது. உள்ளே இருப்பவை மழைக்கு ஓடி மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் ஆறுகள்: சேர்வராயன் மலைப்பக்கம் பிறந்து சேலம் ஊருக்குள் புகுந்து நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியைத் தேடும் திருமணிமுத்தாறு, ஓமலூர், எடப்பாடி வழியே போகும் சரபங்கா, ஆத்தூர்ப் பக்கத்து வசிட்ட நதி. இவற்றின் வழியில் மனிதர் கரை கட்டித் தேக்கியவைதான் எல்லா ஏரிகளும். மேலேரி நிரம்பிக் கோடி போனால் கீழேரிக்குத் தண்ணீர், கீழேரியின் கோடி அதற்கும் கீழே. கொல்லிமலையில் இறங்கும் தண்ணீர் இப்படித்தான் நாமக்கல் பக்கத்துத் தூசூர் ஏரிவரை வந்து சேரும். ஏரி கோடி போகும் நாளில் ஊரே கரைக்கு வரும். பூ தூவுவார்கள், கிடா வெட்டுவார்கள். எத்தனையோ வருசம் கழித்துக் கோடி போகும்போது இன்றும் அது நடக்கிறது.

காவிரி ஓரத்தில் ஏற்பாடு வேறு. ஜேடர்பாளையத்தில் ஆற்றை மறித்து எடுத்த ராஜவாய்க்காலும் அதோடு சேர்ந்த குமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும் பரமத்திவேலூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலையும் வாழையையும் பல தலைமுறையாகக் காத்துவருகின்றன. வாய்க்கால் வற்றாத ஊருக்கு ஏரியைப் பற்றிக் கவலை குறைவு. உள்நாட்டு ஊர்களுக்கு ஏரியை விட்டால் கிணறு, கிணற்றுக்கும் ஊற்று ஏரியிலிருந்துதான்.

அன்றைய அரசு ஏரியைக் காத்ததற்குக் காரணம் வரி. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாராமகாலும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீட் தலைமையில், தாமஸ் மன்றோ உதவியாளர்களில் ஒருவராக, வயல் வயலாக அளந்து பட்டியல் போட்டார்கள். இரயத்துவாரி என்று பிறகு பேர் பெற்ற முறை இங்கேதான் முளைவிட்டது. நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு என்று எழுதும்போதே எந்த ஏரித் தண்ணீர் எந்த வயலுக்கு என்பதும் எழுத்தில் வந்துவிடும். நஞ்சைக் கிஸ்தி ஏரியை நம்பியிருந்தது. ஏரி உடைந்தால் வரவு விழும். 1800-களின் தொடக்கத்தில் மாவட்டத்தை மிட்டா என்ற சிறு ஜமீன்களாகப் பிரித்து ஏலம் விட்டபோது இந்தக் கணக்கு குலைந்தது. ஜமீன் ஏரிகளின் மராமத்து மோசம் என்பது அக்காலத்து அரசு அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் புகார்.

ஊர் அளவில் குடிமராமத்து, அதாவது ஊராரே கூடி ஏரியைச் செப்பனிடும் முறை, இருந்தது. மடை திறக்கவும் மூடவும் நீர்க்கட்டி, அவருக்கு மானிய நிலமோ களத்தில் நெல்லோ உண்டு. இதைப் பொற்காலம் என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கரையில் மண் சுமந்த பலருக்கு ஆயக்கட்டில், அதாவது ஏரி பாயும் வயல்களில், ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. 1858-இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர் வைத்தே ஒரு சட்டம் போட்டது. வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர் ஆட்களை வேலைக்கு இழுக்கலாம் என்றது அது. யார் முதுகில் அது விழுந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தாது வருசப் பஞ்சம் சேலத்தை மோசமாக அடித்தது. 1876-இல் தொடங்கி இரண்டாண்டு நீடித்த பட்டினிக்குப் பிறகுதான் ஏரிகளைத் தனித்தனியாக ஆராயும் வேலையை அரசு எடுத்தது. 1883-இல் தொடங்கிய ஏரி மீட்புத் திட்டத்தில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு குறிப்பேடு எழுதினார்கள். மழை சேரும் பரப்பு எவ்வளவு, கரை எத்தனை அடி, மதகின் அடிமட்டம் எங்கே, முழுக்கொள்ளளவில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று எல்லாம் அதில் உண்டு. ஏரியின் எல்லையை இத்தனை கவனமாக அரசு அதற்குப் பிறகு எழுதியதா என்பது எனக்குச் சந்தேகமே. இன்றும் ஆக்கிரமிப்பு வழக்குகளில் அந்தப் பழைய குறிப்பேட்டைத் தேடிப் போகிறார்கள்.

ஆக்கிரமிப்பு அன்றும் இருந்தது. தண்ணீர் வடிந்த ஏரி விளிம்பில் உழுது விதைப்பவர்களுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம் அபராத வரி போட்டது. அதுதான் ‘பி மெமோ’. வெளியேற்றவும் அதிகாரம் இருந்தது, ஆனால் அபராதம் வாங்குவது சுலபம், வரவும் உண்டு. பின்னாளில் நடந்ததுதான் வேடிக்கை. வருசா வருசம் கட்டிய பி மெமோ ரசீதுகளையே அடுக்கிக்கொண்டு, நாங்கள் முப்பது வருசமாக அனுபவத்தில் இருக்கிறோம், பட்டா கொடுங்கள் என்று மனு போட்டார்கள். குற்றத்துக்கு வாங்கிய ரசீது உரிமைக்குச் சாட்சியாகிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையும் மிட்டாக்களையும் ஒழித்தது. ஏரிகள் எல்லாம் அரசுக்கு வந்தன. அரசு அவற்றை இரண்டாகப் பிரித்தது. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உண்டு. பாதிக்கு மேல் ஒன்றியங்களின் கையில். ஒன்றியத்தில் பொறியாளரும் குறைவு, பணமும் குறைவு. மேலேரி பொதுப்பணித் துறையில் (2021-இலிருந்து தனி நீர்வளத் துறை), கீழேரி ஒன்றியத்தில், நடுவிலுள்ள வாய்க்கால் வருவாய்த் துறையின் புறம்போக்கில் என்று ஒரே சங்கிலி மூன்று அலுவலகங்களில் கிடக்கிறது.

அப்புறம் ஆழ்துளைக் கிணறு வந்தது. மதகுத் தண்ணீருக்குக் காத்திருந்தவர் தன் தோட்டத்திலேயே எண்ணூறு அடி, ஆயிரம் அடி போட்டுக்கொண்டார். போடும் இயந்திரத்துக்குப் பேர்போனதே எங்கள் பக்கத்துத் திருச்செங்கோடுதான். இந்தியாவெங்கும் அந்த வண்டிகள் போகின்றன. நீர்க்கட்டிக்கு வேலை போயிற்று, வாய்க்காலை வருசம் ஒருமுறை வெட்டிவிடுவதும் நின்றது. தண்ணீரை எதிர்பார்க்க ஆளில்லாத ஏரி, கிராமக் கணக்கில் வெறும் புறம்போக்காகவும் வீட்டுமனை விற்பவர் கண்ணில் அகலமான காலி இடமாகவும் தெரிய ஆரம்பித்தது. தனியாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அரசு அலுவலகம், குடியிருப்பு, பேருந்து நிறுத்தம் என்று எதற்கும் நிலம் எடுக்கும் செலவில்லாமல் கிடைத்தது ஏரிதான். சென்னை நுங்கம்பாக்கத்தில் வள்ளுவர் கோட்டம் நிற்கும் இடமும் ‘லேக் ஏரியா’ என்ற குடியிருப்பும் இதற்கு எல்லோரும் அறிந்த சாட்சிகள். அங்கே ஏரி போயிற்று, பெயர் மிஞ்சியது.

நீதிமன்றங்கள் இதில் தலையிட்டது தாமதமாகத்தான். குளத்து நிலத்தை வீடு கட்ட ஒதுக்கியது செல்லாது என்று 2001-இல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலை ஆக்கிரமிப்புகளைக் கண்டறிந்து அகற்றும்படி தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதன் தொடர்ச்சியாக 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. முதலில் ஏரியை அளந்து எல்லை குறிக்க வேண்டும், அதை ஊருக்கு அறிவிக்க வேண்டும், பிறகு ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ், பிறகு வெளியேற்றம். வரிசை சரியானதுதான். ஓட்டை எங்கேயென்றால், இந்தச் சட்டத்தில் ஏரி என்பது பொதுப்பணித் துறை வசமுள்ள ஏரி மட்டுமே. ஒன்றியத்து ஏரிக்குப் பழைய 1905-ஆம் ஆண்டுச் சட்டம்தான். மாநகராட்சி வசமுள்ள பனமரத்துப்பட்டிக்கும் அதே கதி.

ஏரிப் புறம்போக்கைப் பத்திரம் பதியக்கூடாது, மின் இணைப்பும் தரக்கூடாது என்று 2022-இல் உயர் நீதிமன்றம் இன்னும் கடுமையாகச் சொன்னது. களத்தில் நடப்பது வேறு மாதிரி. உத்தரவு வந்த வாரத்தில் பொக்லைன் போவது ஏரிக்கரையோரத்துக் கூரை வீடுகளுக்கு. மதில் சுவரும் வக்கீலும் வைத்திருப்பவர் தடையாணையோடு காத்திருப்பார். சட்டத்தின் பக்கம் நிற்கிறவர்களும் இதைப் பேசாமல் விடுவது நல்லதல்ல.

இனி ஈரநில விதிகள். 1971-இல் ஈரானின் ராம்சார் நகரில் எழுதிய உலக உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. இயற்கையாக உண்டானதோ மனிதர் கட்டியதோ, நிரந்தரமாகத் தண்ணீர் நிற்பதோ சில மாதம் மட்டும் நிற்பதோ, எல்லாமே அந்த உடன்படிக்கைக்கு ஈரநிலம்தான். 2010-ஆம் ஆண்டு இந்திய விதியும் ஏரி, குளம், நீர்த்தேக்கம், மனிதர் உண்டாக்கியவை என்று பேர் சொல்லிச் சேர்த்திருந்தது. அத்தோடு, 2,500 மீட்டர் உயரத்துக்குக் கீழே 500 ஹெக்டேருக்குக் குறையாமல் பரப்புள்ளவை தனிப் பாதுகாப்புக்கு உரியவை என்றது. பனமரத்துப்பட்டியின் 2,137 ஏக்கர் என்பது சுமார் 865 ஹெக்டேர். கணக்குப்படி அது உள்ளே. யாரும் அதைக் கோரிக் கோப்பு நகர்த்தியதாகக் கேள்வியில்லை.

2017 செப்டம்பரில் வந்த புதிய விதி, குடிநீருக்காகக் கட்டியவை, பாசனத்துக்காகக் கட்டியவை, மீன் வளர்ப்புக்கும் உப்பளத்துக்கும் பொழுதுபோக்குக்கும் உண்டாக்கியவை எதுவும் ஈரநிலம் ஆகாது என்று விலக்கிவிட்டது. குடிநீருக்காகக் கட்டிய பனமரத்துப்பட்டி ஒரே வாக்கியத்தில் வெளியே போயிற்று. அதோடு இந்தச் சமவெளியின் பாசன ஏரிகளும் போயின. இங்கே மிச்சம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வடக்கே இயற்கை ஏரிகளை மனதில் வைத்து எழுதியிருக்கலாம். அணைக்கட்டு, பாசனத் துறைகளின் வேலை தடைபடுமோ என்ற பயமும் இருந்திருக்கலாம். ஏரி வெட்டி வாழ்ந்த தென்னாட்டைப் பற்றி எழுதியவர்களுக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

புதிய விதியில் நல்லதும் உண்டு. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, குப்பை கொட்டக்கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீர் விடக்கூடாது. பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் கூடாது. மாநிலமே தன் அளவில் ஆணையம் வைத்து அறிவிக்கலாம். இவ்வளவும் அறிவிக்கப்பட்டவற்றுக்கு. அந்த வரிசையில் சேர ஒரு வழி பறவைகள். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் பக்கத்து ஈரோடு மாவட்டத்து வெள்ளோடும் பாசன ஏரிகள்தான். பறவைகள் வந்து தங்கியதால் சரணாலயமாகி, 2022-இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தன. தமிழ்நாட்டில் ராம்சார் இடங்கள் 2025 தொடக்கத்தில் இருபதாயின. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் ஒன்றும் இல்லை. இலங்கையில் சிலாபம் பக்கத்து ஆனைவிழுந்தான் குளங்கள் மனிதர் வெட்டியவையே. அவற்றை அந்நாடு 2001-இலேயே ராம்சாரில் சேர்த்தது. வரையறையைக் குறுக்குவதில் நாம் மட்டும் முன்னோடி என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சாக்கெட் வழக்கில் மேற்பரப்பில் தொடர்ச்சியாக ஆற்றோடோ ஏரியோடோ இணையாத ஈரநிலங்களைத் தங்கள் தூய நீர்ச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டது.

விதி கைவிட்டதை உச்ச நீதிமன்றம் ஓரளவு பிடித்து வைத்திருக்கிறது. இஸ்ரோ செயற்கைக்கோள் படங்களிலிருந்து எடுத்த கணக்கில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்கள் இருந்தன. அவற்றைப் பழைய விதியின் நான்காம் பிரிவு சொல்கிறபடியே காக்க வேண்டும் என்று 2017-இல் அது உத்தரவிட்டது. அந்தக் கணக்கில் கட்டிய ஏரி குளங்களும் சேரும். 2024 டிசம்பரில், எண்ணிக்கை 2,31,195 ஆகிவிட்டதைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் களத்தில் சரிபார்த்து எல்லை குறிக்கும்படி மாநிலங்களுக்குச் சொன்னது. ராம்சார் இடங்களை அந்தந்த உயர் நீதிமன்றமே கண்காணிக்க வேண்டும் என்றது. சேலம், நாமக்கல்லில் ராம்சார் இடம் இல்லாததால் அந்தக் கண்காணிப்பும் இல்லை. சரிபார்ப்பு என்ற வேலையில் நில அளவர் ஏரிக்கரையில் நிற்கும்போது, இது பாசனத்துக்குக் கட்டியது, விதியில் வராது என்று எழுதிவிட்டுப் போவதற்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

இதற்கிடையில் மாநிலமும் ஒரு கதவைத் திறந்தது. 2023 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டப் பகுதிக்குள் ஓடையோ வாய்க்காலோ ஏரியோ இருந்தால், அதையும் சேர்த்துத் திட்டக்காரரிடம் கொடுக்க வழி செய்கிறது. நிபுணர் குழு, கொள்ளளவு குறையக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆனாலும் ஓர் ஓடையை இங்கிருந்து எடுத்து அங்கே வைத்துவிடலாம் என்ற எண்ணம் யாருக்கு வந்தது என்று தெரியவில்லை. ஓடை தாழ்ந்த இடம் பார்த்து ஓடுகிறது, கோப்பு பார்த்து ஓடுவதில்லை. நாமக்கல் பக்கம் வளையப்பட்டி வட்டாரத்தில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும் திட்டத்தை விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வந்தார்கள். இப்படிப்பட்ட பெரும் பரப்புத் திட்டங்களுக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும்.

சேலம் நகரத்து ஏரிகளின் நிலைமை வேறு. அங்கே பல ஏரிகளில் வருசம் முழுக்கத் தண்ணீர் நிற்கிறது. நிற்பது சாக்கடை. மழைத் தண்ணீர் வந்த வாய்க்கால்களே இன்று வீட்டுக் கழிவைக் கொண்டுவருகின்றன. திருமணிமுத்தாறும் சேலத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டு நாமக்கல் மாவட்டத்து ஏரிகளை நிரப்பப் போகிறது. கிராமப்பக்கம் ஜவ்வரிசி ஆலைக் கழிவு. ஏரி நிறைந்திருக்கிறது என்றால் அன்று அது நல்ல செய்தி. இன்று அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கன்னங்குறிச்சி மூக்கனேரி இதில் ஒரு விலக்கு. 58 ஏக்கர் ஏரி, ஏற்காடு மலைச்சரிவின் தண்ணீர் வரும் இடம். சூழலியல் ஆர்வலர் பியூஷ் மானுஷும் சேலம் மக்கள் குழுவினரும் 2010-இல் அதை எடுத்துத் தூர்வாரி, வாரிய மண்ணைச் சிறு சிறு திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். திட்டுகளில் பறவைகள் குடியேறின. எந்த ஈரநில விதியும் இதற்கு உதவவில்லை. ஆட்சியர் அனுமதியும் ஊர்ப் பணமும் ஆட்களும் போதுமாயின. இதைப் பார்த்துவிட்டு ஏரி என்றாலே நடைபாதை, வேலி, விளக்கு, படகு என்று அழகுபடுத்தும் திட்டங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் எனக்கு உற்சாகமில்லை. சுற்றிலும் கல் பதித்துக் கரையைச் செங்குத்தாக்கினால், சேறும் ஆழமில்லாத விளிம்பும் போய்விடும். உள்ளானும் நாரையும் இரை தேடுவது அந்த விளிம்பில்தான்.

ஏரிக்குத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டமும் வந்தாயிற்று. மேட்டூர் உபரி நீரைப் பம்ப் வைத்து ஏற்றி எடப்பாடி, ஓமலூர், சங்ககிரி, மேட்டூர் வட்டாரங்களின் 100 வறண்ட ஏரிகளை நிரப்ப 565 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். டெல்டா விவசாயிகள் எதிர்த்தார்கள். எங்கள் பக்கத்து விவசாயிக்கு அது பெரிய வரம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் மலையிலிருந்து வரும் ஓடையை மறித்தவர் இனிமேல் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, தண்ணீர்தான் குழாயில் வருகிறதே. பனமரத்துப்பட்டி ஏரிக்கு முன்பு நேர்ந்ததும் இதுவே.

இப்போதைக்கு ஊர்க்காரர் கையில் இருப்பது ஜமாபந்தி. மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் கிராமக் கணக்கைத் தணிக்கை செய்யும்போது, தன் ஊர் ஏரியின் அ-பதிவேட்டு நகலையும் புலப்படத்தையும் மனு போட்டு வாங்கலாம். நீர்வளத் துறை அலுவலகத்தில் ஏரியின் பழைய குறிப்பேடு இருந்தால் அதையும் கேட்கலாம். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை ஏக்கர் குறைந்திருக்கிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பி மெமோ பதிவேடும் கேட்டு வாங்கினால், யார் பேரில் குறைந்தது என்பதும் தெரியும்.